நாலு நாள் தாடி

நாலு நாளாக நான் சவரம் செய்துகொள்ளவில்லை. "என்ன சார், இந்த வயசுல காதல் தோல்வியா?" என்று அலுவலகத்தில் பக்கத்துக் கவுன்ட்டர்காரர் கேட்டார். மனைவி சவரக்கத்தி பழகுவதற்காகத் தாடி வளர்க்கிறேன் என்று சொன்னால் இன்னும் ஒரு வாரம் சிரிப்பார். மழுப்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். அவள் பன்னிரண்டு வருடம் பெண்களுக்கு முடி வெட்டிய அழகு நிலையத்தை மூடிவிட்டார்கள். மூன்று தெரு தள்ளி ஓர் ஆண்கள் சலூனில் 'ஆள் தேவை' என்று அட்டை தொங்கியது. போய்க் கேட்டாள். முதலாளி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முடி வெட்டுவீங்க, சரி. கத்தி பிடிப்பீங்களா?" என்றாராம். கையால் தொட்டதுகூட இல்லை, ஆனாலும் "பிடிப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் முகத்திலேயே செய்து காட்ட வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் வேலை கிடையாது.

முதலில் பலூன்களுக்கு நுரை பூசி மழித்துப் பழகினாள். பதினோரு பலூன்கள் போய்ச் சேர்ந்தன. பன்னிரண்டாவது பிழைத்தது. "அடுத்து நீங்கதான்," என்றாள். நான் தலையாட்டினேன்.

தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை. பகலெல்லாம் பார்சல் கவுன்ட்டரில் ஆட்டுகிறேன். வீட்டுக்கு வந்தும் அது நிற்பதில்லை. ஆண்கள் சலூனில் வேலை கேட்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோதும் ஆட்டினேன். உள்ளே சுருக்கென்றது. தலை மட்டும் தன் பாட்டுக்கு ஆடியது.

சனிக்கிழமை மாலை ஜன்னலோரம் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தாள். வெந்நீரில் பிழிந்த துணியை முகத்தில் வைத்து எடுத்தாள். நுரை பூசினாள். கத்தியைத் தோல் வாரில் முன்னும் பின்னும் தீட்டினாள். இடது கை விரல்களால் தோலை மேலே இழுத்துப் பிடித்து, கத்தியைச் சற்றே சாய்த்து, முடி படிந்த பக்கமாகவே இறக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நானும்தான். வலது கன்னம் முடிந்தது. தடவிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. எனக்கே பெருமையாகிவிட்டது.

அவளுக்கும் தைரியம் வந்திருக்க வேண்டும். இடது தாடையில் கத்தி இருக்கும்போது பேச்சுக் கொடுத்தாள். "என்னங்க, நான் அங்க போறதுல உங்களுக்குச் சம்மதந்தானே?"

நான் தலையாட்டினேன்.

எரிச்சல் பிறகுதான் வந்தது. முதலில் அவள் "ஐயோ" என்பது கேட்டது, அப்புறம் நுரை சிவந்தது. கத்தியைத் தட்டில் போட்டுவிட்டுப் படிகாரக் கல்லை எடுத்து அழுத்தினாள்.

"என்னால முடியாது. நாளைக்கு நான் போகல."

"தப்பு என்னோடது. நான்தான் ஆட்டினேன்."

"கத்தி கன்னத்துல இருக்கறப்ப எந்த மனுஷனாவது தலைய ஆட்டுவாரா?" என்று கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "பதினேழு வருஷமா ஆட்டிட்டுதான் இருக்கீங்க. நான் கேட்டதாவது காதுல விழுந்துச்சா?"

விழுந்தது. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

"இப்ப கத்தி தட்டுல இருக்கு. வாயத் தெறந்து சொல்லுங்க. சம்மதமா?"

பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "புடிக்கல," என்றேன். "நீ கண்ட கண்ட ஆம்பளைங்க கன்னத்தத் தொட்டு வேல செய்யறத நெனச்சா ஒரு மாதிரி இருக்கு. சின்ன புத்திதான். தெரியுது. ஆனா இருக்கு."

நுரை காய்ந்து தோலை இழுத்தது. நாளைய வேலையை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்புறம் எதுக்கு நாலு நாளா தாடி வளத்தீங்க?"

"உனக்கு இந்த வேல கெடைக்கணும்னுதான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிரஷ்ஷை நனைத்தாள். "புடிக்கலங்கறது உங்க பாடு, நீங்களே பாத்துக்கங்க. என் பாடு நாளைக்குப் பத்து மணி. தலைய சாய்ங்க."

கழுத்துக்கு வந்தபோது கத்தியை எடுத்துக் காற்றில் நிறுத்திக்கொண்டு, "பயமா இருக்கா?" என்றாள். ஆடப் பார்த்த தலையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இருக்கு."

"எனக்கும்," என்றாள். அதற்குப் பிறகு கீறல் விழவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். "அவரும் தலையாட்டற ஆளுதாங்க! ஏதாவது கேக்கணும்னா கத்திய எடுத்துட்டுத்தான் கேட்டேன். நாளையிலேருந்து வரச் சொல்லிட்டார்." பிறகு என் எதிரில் வந்து நின்றாள். "சந்தோஷமா?"

அவள் கையில் இப்போது கத்தி இல்லை. ஆனாலும் தலையை ஆட்டவில்லை.

"பாதி," என்றேன். "மீதிய நான் பாத்துக்கறேன்."

அவள் என் தாடையில் காய்ந்திருந்த கீறலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கை கழுவப் போனாள்.