வலப்பக்கத்து உள்பை

பேனைப் பெருமாளாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களை அந்தப் பேனே பெருமாளிடம் அனுப்பப் பார்த்தது. குண்டுக்குத் தப்பினவன் பேன் காய்ச்சலில் போனான் என்று ஊரில் சொல்லவும் வெட்கம். ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே எல்லோருக்கும் மொட்டையடித்தார்கள். தலைக்கு வந்தது முடியோடு போயிற்று என்று நான் சிரித்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் நெட்டை. போருக்கு முன் கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தவன். நான் பஸ் கண்டக்டர்; வாயை மூடத் தெரியாதவன். நெட்டை பல நாள் நினைவில்லாமல் கிடந்தான். காய்ச்சல் இறங்கி, கஞ்சி வயிற்றில் தங்க ஆரம்பித்ததும் அவனுக்கும் பேச்சு வந்தது. பேச்செல்லாம் தம்பியைப் பற்றித்தான். வேறு படைப்பிரிவில் இருந்த அந்தத் தம்பியைப் பற்றி வெகு நாளாகத் தகவல் இல்லை.

"சின்னவன் இடக்கைக்காரன். அவனுக்குக் கோட்டு குடுத்ததும் எங்கம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா? தையல்காரியாச்சே, சும்மா இருக்குமா? உள்பையை இடப்பக்கத்துலேர்ந்து பிரிச்சு வலப்பக்கம் வெச்சுத் தைச்சிடுச்சு. அவன் கைக்கு வாகா இருக்கணுமாம்."

"சார்ஜென்ட் விட்டாரா?"

"'நீ சண்டைக்குப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா'ன்னு கேட்டாராம்."

இதைச் சொல்லும்போதெல்லாம் முதல் தடவை சொல்கிறவன் போலச் சிரிப்பான். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. ஆனாலும் அவன் சிரித்தால் நானும் சிரித்துத் தொலைப்பேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். வந்தவன் உடுத்தியிருந்ததையெல்லாம் உருவி, பேன் சாக நீராவி அறையில் போட்டுவிடுவார்கள். வெந்து வந்ததும், ஆள் உயிரோடு இருந்தால் கோட்டு கொக்கியில் தொங்கும். ஆள் போய்விட்டால் மடித்து அலமாரியில் வைப்பார்கள். நீராவியில் கோட்டு பாழாய்ப்போனவனுக்கு அலமாரியிலிருந்து ஒன்று கொடுப்பார்கள். யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. குளிருக்கு அதெல்லாம் தெரியுமா?

நெட்டையின் கோட்டு சுருங்கிக் குழந்தைச் சட்டை போல ஆகியிருந்தது. ஸ்டோர்காரர் வேறு ஒன்று கொண்டுவந்தார். நெட்டை போட்டுக்கொண்டான். கை நீளம்கூடச் சரியாக இருந்தது. "மாப்பிள்ளைக்களை வந்துடுச்சுடா" என்றேன். அவன் கைக்குட்டையை உள்பையில் வைக்கப் போனான். இடப்பக்கம் பை இல்லை. வலப்பக்கம் தடவினான். கை அங்கேயே நின்றுவிட்டது.

"இது கொக்கியிலேர்ந்து எடுத்ததா, அலமாரியிலேர்ந்தா?" என்று கேட்டான்.

"உன் உயரத்துக்கு அலமாரியில இது ஒண்ணுதாம்பா இருந்துச்சு" என்றார் ஸ்டோர்காரர். தம்பி எதிர்க் கட்டிடத்தில்தான் கிடந்தான், அண்ணன் நினைவில்லாமல் இருந்த நாட்களில் போய்விட்டான் என்பதை அப்புறம் விசாரித்துக் கேட்டுக்கொண்டோம். நடுவில் ஒரு முற்றம்தான். ஒரு முற்றம்.

நெட்டை அழவில்லை. அவன் அழாதது எனக்குக் கோபமாகக்கூட வந்தது. பிறகுதான் புரிந்தது, மறுநாள் அவன் அம்மா வருகிறாள். மூத்தவனுக்கு உடம்பு சரியில்லை என்ற தகவல் மட்டும் அவளுக்குப் போயிருந்தது. யுத்த காலத்தில் கெட்ட சேதியும் நொண்டிக்கொண்டுதான் போகிறது.

"கண்டக்டரே, கோட்டை மாத்திக்கலாம். இதை நீ போட்டுக்கோ. அம்மா கண்ணுல படக் கூடாது."

"எவ்வளவு நாளைக்குடா மறைப்பே? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற மாதிரி."

"என்னை எழுந்து உக்காந்தவனா ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும். அது போதும்."

மாற்றிக்கொண்டோம். அவன் கோட்டுக்குள் நான் இரண்டு பேராக நுழையலாம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். அந்தப் பை என் வலது மார்பில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அம்மா வந்தாள். சின்ன உருவம், இவ்வளவு நெட்டையாக இரண்டு பேரை எப்படிப் பெற்றாளோ. மகனின் மொட்டைத் தலையைத் தடவி, கன்னத்து எலும்பைத் தடவி, "கஞ்சி குடிக்கிறியா?" என்றாள். அடுத்த கேள்வி, "சின்னவனைப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருப்பான்."

அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். வார்டுக்குக் காற்று வேண்டுமாம். முடிந்தவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு எழுந்து உட்கார வேண்டும். நெட்டையைக் கைத்தாங்கலாக எடை பார்க்கவும் கூட்டிப்போனாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். விதி விட்டால்தானே. அம்மா எட்டிப் பார்த்துவிட்டாள்.

"தம்பி, பொத்தான் தொங்குதே. கழட்டுப்பா, ஒரு நிமிஷம்."

"இருக்கட்டும்மா."

"இருந்தா விழுந்துடும். எம் மகனுக்குப் பக்கத்துல படுத்திருக்கே, உனக்குச் செய்யாமலா?"

தையல்காரியிடமிருந்து தொங்குகிற பொத்தானை யார் மறைக்க முடியும்? உடையில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்தாள். கோட்டை மடியில் போட்டுப் பொத்தானைத் தைத்து, அடியில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து போல நிறுத்தினாள். முடிச்சுப் போட உள்பக்கம் திருப்பினாள்.

தன் தையல் தனக்குத் தெரியாதா? பையின் ஓரத்தை விரலால் மேலிருந்து கீழ்வரை ஒரு முறை தடவினாள். முடிச்சைப் போட்டாள். நூலைப் பல்லால் கடித்தாள். எழுந்து எனக்குக் கோட்டைப் போட்டுவிட்டு, கழுத்துவரை பொத்தான்களை மாட்டினாள்.

"அலமாரியிலேர்ந்து குடுத்தாங்கம்மா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. தன் மகன் கோட்டு அடுத்தவன் மேல் வந்ததற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அவனுக்குத் தெரிய வேண்டாம்பா. இப்பத்தான் எழுந்து உக்காந்திருக்கான்" என்றாள்.

நெட்டை திரும்பி வந்தான். எடை கூடியிருக்கிறது என்றான். "நல்லதுப்பா" என்று அவனை முத்தமிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள். இரண்டு பக்கத்துப் பொய்யையும் சுமக்க நான்தானா கிடைத்தேன்?

"அம்மா பாக்கலையே?"

"பாக்கலை."

கோட்டைத் திருப்பி வாங்கிப் போட்டுக்கொண்டான். பொத்தான் மாட்டப் போன விரல் நின்றது. அடியில் இருந்த சுற்றைத் தடவினான். பிறந்ததிலிருந்து அவன் சட்டைகளிலெல்லாம் இருந்த சுற்று.

செருப்பைக்கூடப் போடாமல் கட்டிலைக் கட்டிலாகப் பிடித்து நடந்து வெளியே போனான். நான் ஜன்னலுக்குப் போனேன்.

அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. வாசல் கேட்டுக்கு இந்தப் பக்கம், கல் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தவள் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கோட்டு. எழுந்து இரண்டடி ஓடிவந்து, "சின்னா" என்று கூப்பிட்டாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தாம்மா" என்றான் நெட்டை. தம்பி இருக்க வேண்டிய இடத்தில் தான் நிற்பதற்கு மன்னிப்புக் கேட்கிறவன் போல நின்றான். அவள் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, கோட்டுக்குள் கையை விட்டு, வலப்பக்கத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

காவலாளி வந்து, பார்வை நேரம் முடிந்தது என்றான். அவள் கையை எடுக்கவில்லை.