புதைத்த பானைகள்

ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்புவதற்குள் தோட்டத்தை நனைத்துவிட வேண்டும் என்று பெர்சிஸ் வாளியும் கையுமாக அக்கா வீட்டுக்கு ஓடினாள். அக்கா ஞானபூரணியின் உடல் விருதுநகர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. கூட வருகிறவர் பெர்சிஸின் கணவர் ஜெயசுந்தர். ஊரே வந்து நிற்கப்போகிற வீட்டின் பின்புறம் கருகிக் கிடந்தால் யாரைக் கேட்பார்கள்? சாவி அவளிடம்தானே இருந்தது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளாத டீச்சர். ஓய்வு பெற்றதும் கொல்லையில் ஒரு துண்டு நிலத்தில் தோட்டம் போட்டாள். மல்லாங்கிணறு வெயிலில் இதெல்லாம் தேறுமா என்று சிரித்தவர்களில் பெர்சிஸ்தான் முதல் ஆள். இடித்த வீடுகளின் ஓட்டுச் சில்லுகளை அக்கா மண்மேல் பரப்பினாள். வாய் உடைந்த பானைகளைக் கழுத்துவரை புதைத்து மூடி போட்டாள். ஊற்றிய தண்ணீர் பானையிலிருந்து கசிந்து வேருக்கு மட்டும் போகும். துவைக்கிற கல்லிலிருந்து செடிவரை ஒரு தகர வாய்க்கால். அந்தத் தகடுகள் ஜெயசுந்தர் வேலை பார்க்கும் சிவகாசி பிரஸ்ஸில் காலண்டர் அடித்துக் கழித்துப்போட்டவை. சொந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் ஆளைக் கூப்பிடச் சொல்கிற மனிதர், ஞாயிறு கோயில் ஆராதனை முடிந்த கையோடு மதினி வீட்டுக்குப் போய் மண்ணில் முட்டி போட்டுத் தகடு மடக்கினார். ராத்திரி சோற்றுத் தட்டிலும் மதினியின் மூளையைப் பற்றித்தான் பேச்சு. பெர்சிஸுக்கு வயிறு எரிந்தது. அவளும் நர்சரியில் ரோஜா வாங்கி, லாரித் தண்ணீர் விட்டு வளர்த்துப் பார்த்தாள். சித்திரை அதைக் குச்சியாக்கிவிட்டது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, வாரம் ஒருமுறை பானைகளை நிறைத்தால் போதும் என்று சொல்லித்தான் அக்கா சாவியைக் கொடுத்தாள். பெர்சிஸ் அந்தப் பக்கமே போகவில்லை. மறந்துபோய் அல்ல. அக்கா சாக வேண்டுமென்று அவள் நினைத்ததே இல்லை, அது கர்த்தருக்குத் தெரியும். செடிகள் சாகட்டும் என்றுதான் நினைத்தாள். கட்டிலருகே போய் உட்காரும்போதெல்லாம் அக்கா கேட்பாள்.

“ஊத்தினியா பெர்சி?”

“ஊத்திட்டுத்தான் வாரேன்.”

இப்போது கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பாலைவன ரோஜா கிளைக்குக் கிளை சிவப்பாகப் பூத்திருந்தது. நித்யகல்யாணி இலைகளைச் சுருட்டிக்கொண்டதே தவிர, பூவை விடவில்லை. கற்றாழை ஓரம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு பானையின் மூடியைத் தூக்கினாள். உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது. தப்பித்தோம் என்று நிம்மதி வந்திருக்க வேண்டும், ஆத்திரம்தான் வந்தது. செத்த அன்றைக்கும் இவளே ஜெயிக்க வேண்டுமா? வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மூடியைப் பழையபடி வைத்துவிட்டு எழுந்தாள்.

உடலை இறக்கிக் கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் பெஞ்சு போட்டதும், செல்லக்கனி சித்தி செடிகளைச் சுற்றிப் பார்த்தாள். அக்கா, தங்கை இருவரையும் தூக்கி வளர்த்தவள் அவள்.

“அக்காக்காரி ஆஸ்பத்திரில கெடக்கயிலயும் இம்புட்டு அருமையா பாத்திருக்கியே பெர்சி. நல்ல கைராசி ஒனக்கு.”

ஜெயசுந்தர் பெர்சிஸைத் திரும்பிப் பார்த்தார். அழுத கண்ணோடு, வருஷக்கணக்காக அவள் ஏங்கிய அந்தப் பார்வையைப் பார்த்தார். பிறகு, மதினி இருந்தால் செய்வதைத் தாமே செய்வதுபோலக் குனிந்து ஒரு பானையின் மூடியைத் திறந்தார். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். மூடினார்.

குளிப்பாட்டுவதற்காகச் சேலைகளை மறைப்பாகக் கட்டிக்கொடுத்துவிட்டு ஆண்கள் வெளியே போனார்கள். ஜெயசுந்தரும் அவள் முகத்தைப் பார்க்காமலே போனார். சித்தி தகர வாய்க்காலைக் காட்டி, ஒரு செங்கல்லை பெர்சிஸின் கையில் கொடுத்தாள்.

“பொணங் குளிப்பாட்டுன தண்ணி செடிக்குப் போகப்படாது. வாயை அடைச்சிரு.”

பெர்சிஸ் செங்கல்லோடு குனிந்தாள். அடைத்துவிட்டால் முடிந்தது. கைராசிக்காரி என்ற பேரும் ஊரில் நிற்கும். அவர் வாயைத் திறக்கமாட்டார் என்றும் அவளுக்குத் தெரியும். சேலை மறைப்புக்குக் கீழே அவருடைய கால்கள் தெரிந்தன. மற்றவர்களோடு வாசலுக்குப் போகாமல் அங்கேயே நின்றிருந்தார்.

செங்கல்லைத் தள்ளி வைத்தாள்.

“போகட்டும் சித்தி,” என்றாள், வெளியே கேட்கும்படியாக. “நான் ஒருநாளும் ஊத்தல. பானையெல்லாம் காஞ்சு கெடக்கு.”

சேலைக்கு அந்தப்பக்கம் கால்கள் அசையவில்லை. பெர்சிஸ் செம்பில் தண்ணீர் மொண்டு அக்காவின் தோளில் விட்டாள். அது கையோரமாக வழிந்து, கல்லில் விழுந்து, தகட்டில் அழிந்துபோன தேதிகளின் மேல் ஓடியது. ஓட்டுச் சில்லுகளுக்குள் இறங்கியதும் ஈரம்கூடத் தெரியவில்லை. அவள் மறுபடியும் மொண்டாள்.