பின்பக்கம் எழுதியவள்

அவள் வீட்டில் அதுவரை யாரும் ஒரு விண்ணப்பத்தைத் தானாக நிரப்பியதில்லை. எதை எழுத வேண்டும், எதைக் கண்டும் காணாமல் விட்டுவிடலாம் என்று சொல்லித்தர ஆளில்லை. அதனால் பட்டம் வாங்கிய கையோடு, வேலை விண்ணப்பத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதினாள். பின்பக்கத்தின் ஒரே கேள்வி: நீதிமன்றத்தில் தண்டனை பெற்றதுண்டா?

"அதை விட்டுடுடி. எவன் வந்து பாக்கப்போறான்?" என்றாள் அம்மா.

"எழுதிரும்மா," என்றார் அப்பா. "அப்புறமா தெரிஞ்சா, இன்னொரு தடவை என்னால தலைகுனிஞ்சு நிக்க முடியாது."

எழுதினாள். பரீட்சை நாளில், காலாவதியான பஸ் பாஸின் தேதியைப் பேனாவால் திருத்தியது, பிடிபட்டது, அபராதம் கட்டியது. மூட்டை தூக்கும் அப்பா வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து கோர்ட்டில் கைகட்டி நின்றதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

நேர்காணலில் அதிகாரி முன்பக்கத்தைப் பார்த்தார், மதிப்பெண்ணைப் பார்த்தார், வேலை கொடுத்தார். தாளைத் திருப்பவே இல்லை. அவளும் திருப்பச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஆறு மாதம், யாராவது அதைத் திருப்பும் நாளுக்காகக் காத்திருந்தாள். வேலை போய்விடும். அது போகட்டும், இன்று சிரித்துப் பேசுகிறவர்கள் அன்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்கு இப்போதே பழகிக்கொண்டால் தேவலை என்று மதியம் தண்ணீர்க் குழாய் ஓரமாகத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். திமிர் பிடித்தவள் என்று பேர் வந்தது. வரட்டும்.

பிறகு ஒரு நாள், பழைய விண்ணப்பங்களையெல்லாம் ஸ்கேன் செய்யும் வேலை அவள் தலையில் விழுந்தது.

"முன்பக்கம் மட்டும் எடு," என்றாள் மேற்பார்வையாளர். ஆபீசில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "பின்பக்கம் சும்மாதான் கிடக்கும். எடுத்ததும் கிழிக்கிற மிஷின்ல தள்ளிடு."

அவள் ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பார்த்தாள். சும்மாதான் கிடந்தது. 'இல்லை' என்றுகூட ஒருவரும் எழுதவில்லை, மேலாளர் உட்பட. மொத்த ஆபீசிலும் அந்தக் கேள்வியை மதித்த ஒரே முட்டாள் அவள்தான்.

அவளுடைய தாள் வந்தது. பேசாமல் தள்ளியிருக்கலாம்.

"அக்கா, பின்னாடி யாராவது எழுதியிருந்தா?"

"எவ எழுதுவா? வேலைவெட்டி இல்லாதவளா?"

"நான் எழுதியிருக்கேன்."

அக்கா வாங்கிப் படித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "பஸ் பாஸா? அட, இதெல்லாம் ஒரு விஷயமா!" தாளை முன்பக்கமாகத் திருப்பிக் கொடுத்தாள். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். மிஷின்ல போட்டுடு."

நல்ல மனசுதான். ஆனால் சாப்பாட்டு மணி அடித்ததும், ஆறு மாதமாக நாற்காலி முதுகில் தொங்கிய தன் கைப்பையை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள் அக்கா. பூட்டிய சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

தாளைக் கிழித்தாலும் அந்தப் பூட்டு திறக்கப்போவதில்லை. அவள் முன்பக்கத்தை ஸ்கேன் செய்தாள். திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தையும் செய்தாள். திரையில் எல்லார் பெயருக்கும் எதிரே ஒரு பக்கம். அவள் பெயருக்கு எதிரே இரண்டு.

அன்று குழாய் ஓரம் போகவில்லை. தன் மேசையிலேயே டப்பாவைத் திறந்து, பூட்டிய இழுப்பறையைப் பார்த்தபடி சாப்பிட்டாள்.