துளுக்கும் வரை

மூன்றாவது சொம்புத் தண்ணீரையும் ஊற்றியாகிவிட்டது. கிடாய் துளுக்கவில்லை.

மஞ்சள் கரைத்த தண்ணீர் அதன் முதுகிலிருந்து வயிற்றுக்கு இறங்கி, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது. கழுத்து மாலையிலிருந்த சாமந்தியை எட்டிக் கடித்து, அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது. சுற்றி நாற்பது பேர் நின்றிருந்தோம், எல்லோரும் பங்காளிகள். எங்கள் பக்கத்து வழக்கம் இது. தலையில் தண்ணீர் ஊற்றினால் கிடாய் ஒரு முறை உடம்பை உதற வேண்டும். அதைத் துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி சம்மதித்தது என்று அர்த்தம். இல்லையென்றால் கிடாயை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"சித்த பொறுங்க. காத்து இல்ல, அதான்" என்றார் தனபால் சித்தப்பா. அப்பாவின் தம்பி. ஆழ்துளைக் கிணறு போடும் இரண்டு ரிக் வண்டிகளுக்குச் சொந்தக்காரர். கோயில் திருப்பணிக் குழுவின் தலைவர்.

கோயில் என்று பழக்கத்தில் சொல்கிறேன். சுவரோ கூரையோ கிடையாது. எடப்பாடியிலிருந்து கொங்கணாபுரம் போகும் சாலையை விட்டு இறங்கிக் கடலைக்காட்டு வரப்பில் நடந்தால் ஓர் ஊஞ்ச மரம் வரும். அதன் அடியில் ஏழு கன்னிமார் கற்கள். அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னக் கற்கள், எங்கள் வகையறாவில் வயதாகாமல் செத்துப்போன பெண்களுக்கு ஆளுக்கொன்று. கடைசிக் கல் ரஞ்சிதா. என் மனைவி. சரபங்கா ஆற்றில் நானே தேடி எடுத்த கல். வைத்து எட்டு மாதம் ஆகிறது.

இன்று சாமியிடம் கேட்டது மரத்தை வெட்டலாமா என்று. வெட்டிவிட்டுக் கான்கிரீட் மண்டபம் கட்டுவார்கள். தரைக்கு டைல்ஸ், கைப்பிடிக்கு எவர்சில்வர் குழாய். ஏழு கற்களுக்குப் பதிலாகக் கிரானைட்டில் ஏழு அம்மன்கள், வாகனத்தோடு. சின்னக் கற்கள் எல்லாம் அஸ்திவாரத்துக்குள் போகும். இனிமேல் கிடாய் வெட்டுவதும் கிடையாது. இதுதான் கடைசி. பொக்லைன் வண்டி வரப்பை ஏற்கெனவே உடைத்துக்கொண்டு வந்து மரத்துக்கு இருபதடி தள்ளி உறுமிக்கொண்டிருந்தது. பதில் வருவதற்கு முன்பே வண்டி வந்துவிட்டது.

நான் கல்லூரியில் எதையும் நம்பாதவன். எம்.எஸ்சி. வேதியியல். குமாரபாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. ரஞ்சிதாவுக்கு டெங்கு. ஆறு நாள். ரத்தத் தட்டணுக்கள் எப்படி இறங்கின என்று காலையும் மாலையும் சீட்டில் பார்த்தவன் நான். அவள் ஏன் செத்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு காரணம் கொண்டுவந்தார்கள். போன ஜென்மத்து வினை என்றார் ஒருவர். நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்றார் இன்னொருவர். சூரமங்கலத்து ஜோசியர் என் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, மனைவியைத் தின்னும் கட்டம் என்றாராம். அதை மாமனார் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். இருபத்தாறு வயதுப் பெண் செத்ததற்கு ஒரு நியாயம் செய்து கொடுக்க எத்தனை பேர். அவர்களுடைய கடவுள் கணக்கில் தவறாதவர். அந்தக் கணக்கில் அவள் செத்தது சரி. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

காரணம் சொல்லாத இடம் இது ஒன்றுதான். இந்தக் கற்கள் எந்தச் சாவையும் நியாயம் என்று சொன்னதில்லை. ஆறுதல் சொன்னதில்லை, சொர்க்கம் இருப்பதாக ஏமாற்றியதும் இல்லை. மழை, வெயில், கொசு, கடலைச்செடி, எல்லாம் இந்த மண்ணில் உண்டாகிறவை. அவளும் இதில்தான் உண்டானாள், இதில்தான் போனாள். இங்கே நிற்கும்போது எனக்கு அது புரிந்தது. செவ்வாய்க்கிழமைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து வருவேன். எல்லாக் கல்லுக்கும் தண்ணீர் ஊற்றுவேன். எதையும் கேட்பதில்லை. சாமி என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மரமும் சாமி, கல்லும் சாமி, செத்தவளும் சாமி. பட்டறையில் சிரிக்கிறார்கள். எம்.எஸ்சி. படித்துவிட்டுக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான், காட்டுமிராண்டி என்று. காட்டுமிராண்டிதான். இருந்துவிட்டுப் போகிறேன்.

போன மாதக் கூட்டத்தில் சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "கீழதானடா இருக்கப் போறா, எங்கயும் போயிரல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கும்பாபிஷேகத்தன்று யாகத்தில் தம்பதியாகத்தான் உட்கார வேண்டுமாம். அதனால் நான் பந்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே குரலில் சொன்னார். இத்தனை தலைமுறையாக இந்தக் கற்கள் யாரையும் உன் பெண்டாட்டி எங்கே என்று கேட்டதில்லை.

"அம்மா வேண்டாங்கறா சாமி" என்றார் சின்னான் பூசாரி. கையில் காலிச் சொம்பு. "நாளைக்கு வேணா இன்னொருக்கா கேப்போம்."

"நாளைக்கா? வண்டிக்காரன் நாளைக்கு சங்ககிரி போறான். ஸ்தபதி நாள் குறிச்சாச்சு. வெளையாடறியா நீ?"

கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பொன்னாயி அத்தை வெற்றிலையைத் துப்பினாள். "அந்தக் கெடாயிக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலியேடா தனபாலு. உன்ற தலையில ஊத்தியிருந்தா நீ கேக்கறதுக்கு முன்னாடியே துளுக்கியிருப்ப."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சித்தப்பாவின் முகம் கறுத்தது. "சிரிங்க. என்ற சம்பந்தி ஊட்டுக் கோயலப் பாத்திருக்கீங்களா? அஞ்சு நெலைக் கோபுரம். போன தடவ ஒறம்பரைச் சனம் வந்து, எங்கீங்க கோயலுன்னு கேட்டாங்க. கோயல்லதான் நின்னுட்டிருந்தாங்க. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம்னு இருந்துச்சு."

அவர் சின்னானிடமிருந்து சொம்பைப் பிடுங்கினார். குடத்தில் முக்கினார். இடது கையால் கிடாயின் காதை மடக்கிப் பிடித்து, ஓட்டைக்குள் நேராகத் தண்ணீரை ஊற்றினார்.

கிடாய் உதறியது. உதறாமல் என்ன செய்யும். தலையை இரண்டு பக்கமும் அடித்து, கயிற்றை இழுத்து, இருமிக்கொண்டு உதறியது. மஞ்சள் தண்ணீர் எங்கள் எல்லோர் மேலும் தெறித்தது.

"துளுக்கிருச்சு" என்றார் சித்தப்பா.

நாற்பது பேரும் பார்த்தார்கள். நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். ஆசிரியர், பேங்கில் இருப்பவர், தறி முதலாளி, வார்டு உறுப்பினர். ஒருவராவது வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். ஒருவர் செல்போனைப் பார்த்தார். ஒருவர் வேட்டியில் தெறித்ததைத் துடைத்தார். பின்னால் யாரோ தயங்கிக் குலவை போட்டார்கள். அப்புறம் எல்லோரும் போட்டார்கள். சாமியை நம்பாதவன் பொய் சொன்னால் எனக்குக் கோபம் வராது. இவர்கள் நம்புகிறவர்கள். கேள்வியும் கேட்டு, பதிலும் வாங்கி, அந்தப் பதிலின் காதில் தண்ணீரை ஊற்றுகிறார்கள்.

சித்தப்பா பொக்லைனுக்குக் கை காட்டினார். வண்டி நகர்ந்தது.

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் கற்களுக்கு முன்னால் நின்றேன். பாதிக் குடம் தண்ணீர் இருந்தது. தலையில் கவிழ்த்தேன். கண்ணெல்லாம் மஞ்சள். காலிக் குடம் உருண்டு போய் வண்டிச் சக்கரத்தில் முட்டியது.

"அறிவு, என்னடா பண்ற? அக்கட்டால தள்ளி வா" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார் சித்தப்பா.

"என்னையும் கேளுங்க சித்தப்பா. நான் துளுக்குனா வெட்டிக்கங்க."

"பைத்தியமாடா உனக்கு?"

"நீங்க கேக்கற மொறைதானுங்க. தண்ணி ஊத்தியாச்சு. பாருங்க."

அவர் இரண்டடி முன்னால் வந்தார். பொன்னாயி அத்தை உட்கார்ந்தபடியே, "கை வெக்காத தனபாலு. தண்ணி ஊத்துனதுக்கப்பறம் தொடக் கூடாது" என்றாள். கேலி செய்கிற குரல் இல்லை. அவர் நின்றுவிட்டார். அது எல்லோருக்கும் தெரிந்த விதி. அவர் கிடாயின் காதைப் பிடித்தபோது யாரும் சொல்லாத விதி.

ஓட்டுநர் தருமபுரிப் பக்கத்து ஆள். வண்டியை நிறுத்திவிட்டு மேலேயே இருந்து எட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் நின்றதும் ஊஞ்ச மரத்தில் குருவிகள் கத்துவது கேட்டது. தண்ணீர் கழுத்தில் இறங்கியது, முதுகில் இறங்கியது. ஒரு சொட்டு காதுமடலின் மடிப்பில் வந்து நின்றது. ஈ ஒன்று நெற்றியில் உட்கார்ந்தது. உதற வேண்டும் என்று உடம்பு கேட்டது. நான் கொடுக்கவில்லை.

நாற்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சித்தப்பா மணி பார்த்தார். சின்னான் பூசாரி வெறுங்கையைக் கூப்பினார். என்னைப் பார்த்தா, எனக்குப் பின்னால் கற்களைப் பார்த்தா, தெரியவில்லை. காதிலிருந்த அந்தச் சொட்டு உள்ளே நகரத் தொடங்கியது.