சோலைக்குள் ஒன்பது இறால் கூண்டுகள்

டோர்க்கிலைச் சோலைக்குக் கூட்டிப்போவது என்று முடிவெடுத்த பிறகு மார்சலி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மேய்ச்சல் சங்கக் கூட்டம். மலைச்சரிவின் பொது மேய்ச்சலில் பங்குள்ள குடும்பங்கள் ஏழு. ஓட்டு வீட்டுக்கு ஒரு கை. ஓடையோரச் சோலைக்கு வேலி போடலாம் என்று மூன்று வீடுகள், கூடாது என்று மூன்று வீடுகள். டோர்க்கில் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவன் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் சோலையின் விதி.

வேண்டாம் என்றவர்கள் கெட்டவர்கள் அல்ல. மார்ச் மாதப் பனியில் சினை ஆடுகள் ஒதுங்க அந்த மரங்களை விட்டால் வேறு மறைவு கிடையாது. அதோடு, நம் பாட்டன் காலத்திலிருந்து நிற்கிற மரத்துக்கு இப்போது எதற்கு வேலி என்று அவர்கள் கேட்டார்கள். மார்சலியிடம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதில் சோலைக்குள், ஒன்பது இறால் கூண்டுகளுக்கு அடியில் இருந்தது. இறால் பிடிக்கக் கடலில் இறக்கும் அந்த வலைக்கூண்டுகள் டோர்க்கிலுடையவை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடல் ஒதுக்கிய மரமோ கயிறோ எதுவானாலும், அலை எட்டாத இடத்துக்கு இழுத்து வைத்து மேலே ஒரு கல்லை வைத்தவனுக்குச் சொந்தம். உரியவர் பெயர் பொறித்த பெயர்வில்லை கட்டிய கூண்டு மட்டும் அப்படியல்ல. அதை எடுத்தவர் சத்தமில்லாமல் உரியவர் வீட்டு மதிலோரம் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் அக்டோபர் புயலில் டோர்க்கிலின் பெயர்வில்லையோடு ஒன்பது கூண்டுகள் கரை ஒதுங்கின. அப்போதுதான் இன்வர்னஸ் நகரத்து வேலையை விட்டுவிட்டு, அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொள்ள மார்சலி ஊர் திரும்பியிருந்தாள். டோர்க்கிலோடு ஊரே தேதி குறித்து வைத்திருந்த கல்யாணத்தை உதறிவிட்டுப் போனவள், அவன் வீட்டு மதிலோரம் எந்த முகத்தோடு போய் நிற்பாள்? கூண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். அதற்குள் சோலையில் ரோவன் மரக்கன்றுகளை ஆடு கடிப்பதைப் பார்த்தாள். கூண்டுகளின் அடிவலையை அறுத்துக் கன்றுகள்மேல் கவிழ்த்தாள். மறுவாரமே டோர்க்கில் படகுத்துறையில் பத்துப் பேர் முன்னால், கூண்டுகளைத் திருடியது மர்டோதான் என்று சொல்லிவிட்டான். மர்டோ அதே மேய்ச்சலில் பங்குள்ள பெரியவர். மார்சலி வாயை மூடிக்கொண்டாள். ஒரு வாரம் மூன்று வருடமாயிற்று.

புதன்கிழமை காலை அவன் வந்தான். மேற்கே கடல் வெளுத்துக் கிடந்தது. ஓடை நிறைய ஓடியது. பெரணிகள் அப்போதுதான் சுருள் அவிழ்த்துக்கொண்டிருந்தன. பாதி வழிவரை இருவரும் ஆடுகளைப் பற்றியே பேசினார்கள். அவனுடைய கிடாய் நொண்டுவதாகச் சொன்னான். உன் அப்பா கால்வலி எப்படி என்று கேட்டான். கல்யாணப் பேச்சு நின்றுபோனதற்கு அப்புறம் இவ்வளவு நீளமாக அவர்கள் பேசியது இதுதான் முதல் தடவை.

சோலை என்றால் பெரிய காடு அல்ல. ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனையில் கேட்கும். பாசி போர்த்திய பிர்ச் மரங்கள், கோணலும் மாணலுமாய் ஓக், தரையெங்கும் நீலமணிப் பூக்கள். போன குளிர்காலக் காற்றில் சாய்ந்த நான்கு மரங்கள் வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

"நல்லாத்தானே இருக்கு," என்றான் டோர்க்கில்.

"உன் இடுப்பு உசரத்துல ஒரு மரம் காட்டு."

அவன் சிரித்தபடி சுற்றிப் பார்த்தான். பிறகு நடந்து பார்த்தான். ஓடையைத் தாண்டி மறுபக்கமும் போய்வந்தான். திரும்பும்போது சிரிப்பு இல்லை. எல்லாம் நூறு வயது மரங்கள். நடுவில் ஒரு இளமரம்கூடக் கிடையாது.

"இருக்கு, வா," என்று அவள் பாறைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

கூண்டுகள் வரிசையில்லாமல் கிடந்தன. உள்ளே ரோவன் கன்றுகள் இலையை வலையோடு அழுத்திக்கொண்டு அடர்ந்திருந்தன. ஒன்றில் விரல் தடிமனில் ஓக். வலைக்கு வெளியே எட்டிப்பார்த்த துளிர்களை எல்லாம் ஆடு கத்தரியால் வெட்டியது போல் தின்றிருந்தது. உள்ளே பச்சை, வெளியே மொட்டை. அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

டோர்க்கில் கன்றைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு கூண்டின் மூலையைத் தொட்டான். இடப்பக்கமாகச் சுற்றிப் போடும் அந்த முடிச்சு அவன் கை முடிச்சு.

மார்சலி கோட்டுப் பையிலிருந்து ஒன்பது பெயர்வில்லைகளையும் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். கல்யாணத்தையோ கூச்சத்தையோ சாக்காக இழுக்கவில்லை.

அவன் வில்லைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான்.

"மர்டோ பொண்டாட்டி செத்தப்போ நான் கல்லறை வாசலோட நின்னுட்டேன், தெரியுமா? உள்ள போய் ஒருபிடி மண்ணு போடல. திருடன் வீட்டுச் சாவுன்னு நெனச்சிட்டு நின்னேன்."

"தெரியும். நான் உள்ளதான் இருந்தேன். பார்த்தேன்."

"பார்த்துட்டும் வாயத் தொறக்கல நீ."

"தொறக்கல."

"அப்புறம் இன்னைக்கு ஏன் சொல்ற? என் கை வேணும்னுதானா?"

"உன் கை வேணும். இத மறைச்சிட்டு வாங்குற கை வேணாம்."

அவன் வில்லைகளைப் பையில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினான். அவள் அவன் பின்னால் போகவில்லை. ஓடையைத் தாண்டி நேரே மர்டோ வீட்டுப் பாதையில் நடந்தாள். வேலி கூடாது என்ற மூன்று வீடுகளில் ஒன்று மர்டோவுடையது. இதைக் கேட்டபிறகு அந்தப் பக்கத்தை விட்டு அவர் அசையவே மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நடந்தாள்.

மர்டோ கொட்டகை வாசலில் ஒரு குட்டிக்குப் புட்டிப்பால் புகட்டிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை குட்டியின் வாயிலிருந்து புட்டியை எடுக்கவில்லை.

"ஓட்டு கேட்டு வந்தியா?"

"இல்ல மாமா. உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன்."

"எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? எடுத்தேன்னு நெனச்சவங்களுக்குச் சொல்லு. வெள்ளிக்கிழமை எல்லாரும் இருப்பாங்க."

"சொல்றேன்."

அப்போது வேலிக்கதவு கிரீச்சிட்டது. டோர்க்கில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். மார்சலி விலகி வழிவிட்டு நடந்தாள். வளைவில் திரும்பிப் பார்த்தபோது இருவரும் குட்டிக்கு இருபுறமும் நின்றார்கள். புட்டி டோர்க்கில் கைக்கு மாறியிருந்தது.

வெள்ளிக்கிழமை, சோலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மார்சலி எழுந்து கூண்டுகளைப் பற்றிச் சொன்னாள். மர்டோ திருடன் இல்லை, நான்தான் எடுத்தேன் என்றாள். கூடத்தில் டீக்கெட்டிலைப் பிடித்திருந்த பெண் ஊற்ற மறந்து நின்றாள். அதே மூச்சில் மார்சலி வேலித்திட்டத்தை மேசைமேல் விரித்தாள். சோலையின் கீழ்ப்புறம் மூன்றில் ஒரு பங்கு வேலிக்கு வெளியே, ஆடுகள் ஒதுங்கும் இடமாக நிற்கும். மேல்புறத்துக்கு, கன்றுகள் ஆடு எட்டாத உயரம் வளரும்வரை, பதினைந்து வருடம் வேலி. அப்புறம் கதவைத் திறந்துவிடலாம்.

அவள் பக்கம் மூன்று கைகள் எழுந்தன. நான்காவதாக டோர்க்கில் கை எழுந்தது. மர்டோ கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஆனால் செப்டம்பரில் வேலிக்கம்பம் நட ஆள் கூப்பிட்டபோது, முதலில் சம்மட்டியோடு வந்து நின்றது அவர்தான். நடுறதே நடுறீங்க, நேரா நடுங்க என்றார்.

கடைசிக் கம்பியை இழுத்துக் கட்டியதும் கூண்டுகளை எடுக்கப் போனார்கள். எட்டு சுலபமாக வந்தன. ஒன்பதாவதில் ரோவன் கிளை வலைக்கண்ணுக்குள் பருத்துச் சிக்கியிருந்தது. கிளையை நறுக்கினால் கூண்டு முழுசாக வந்துவிடும் என்றார் மர்டோ.

டோர்க்கில் மண்டியிட்டான். கத்தியை விரித்து, கிளையைத் தொடாமல், தன் கையால் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுக்கத் தொடங்கினான்.

"மார்சலி, அந்தப் பக்கம் பிடிச்சிக்கோ," என்றான்.

அவள் எதிரே மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டாள்.