கடைசியாகப் பார்த்த நேரம்

"காலையில எட்டு மணிக்கு நல்லாத்தான் இருந்தான். ஒண்ணா உக்காந்து காபி குடிச்சோம்" என்று பெரியவர் சொன்னதை நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டாள். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போவதைப் பார்த்து அவருடைய மருமகள் தலையைக் குனிந்தாள்.

பெரியவரின் தம்பிக்கு மூளையில் இரத்தம் கட்டிவிட்டது. பேச்சு போய்விட்டது. தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கப்போகிறார்கள். ஸ்கேன் பார்த்து டாக்டர் முடிவு செய்துவிட்டார். அதோடு ஒரு புது மருந்தையும் சோதித்துப் பார்க்கிறார்களாம். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் உப்புநீர் என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம். ஆள் நன்றாக இருந்த கடைசி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். தாண்டினால் மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து அதிகம். இதை நர்ஸ் இரண்டு தடவை சொல்லிவிட்டுக் சோதனைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினாள்.

பெரியவரின் முதுகு பழக்கத்தால் நிமிர்ந்திருந்தது, மற்றதெல்லாம் ஓய்ந்துபோயிருந்தது. அண்ணன் தம்பிக்கு ஒரே கூரை, நடுவில் ஒரு கதவு. அது திறந்து நான்கு வருடம். ஊர் வாய்க்கு அவலாகக் கூடாதென்று, நல்லது கெட்டதில் மட்டும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக் காட்டுவார்கள். இன்று மதியம் மருமகள் பின்பக்க ஜன்னல் வழியே பார்த்திருக்காவிட்டால், தம்பி தரையில் கிடந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

"மாமா, நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கொடியில துணி எடுக்கும்போது சின்ன மாமாவை நான் பார்த்தேன். அதுக்கப்புறம் யார் பார்த்தா?"

"மெல்லப் பேசு. வெளியாள் நிக்கிறாங்க."

"அந்த வெளியாள் கையிலதான் உங்க தம்பி உசிரு இருக்கு."

  பெரியவர் வாங்கிய பேனாவை நர்ஸிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எட்டு மணியை அடிச்சிடும்மா. நான் பார்க்கல. நாங்க பேசியே நாலு வருஷமாச்சு."

நர்ஸ் முகத்தில் வியப்பில்லை. இதைவிடப் பெரிய குடும்பப் பெருமைகளை அவள் பார்த்திருக்கலாம். மருமகள் சொன்ன நேரத்தை எழுதிக்கொண்டு, இனி புது மருந்துச் சோதனைக்கு இவரை எடுக்க முடியாது, கட்டியை எடுப்பது நிற்காது, டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள். பிறகு வேறொரு தாளை எடுத்து, தம்பி தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டாள்.

"தெரியாது" என்றார் பெரியவர். இந்தத் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.