கருகின நூல் வாசனை

எனக்கு ஒரு கெட்ட குணம். மூக்குல ஏறின வாசனை எதோடதுன்னு தெரியலைன்னா எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் "உன்னை மோப்ப நாய்ப் படையில சேத்திருக்கணும், தப்பா சுகாதாரத் துறையில சேத்துட்டாங்க"ம்பார். சொல்லட்டும். அந்த மூக்குதான் என்னை மாட்டியும் விட்டுது.

பத்தொன்பது வருஷமா எனக்குத் தண்ணி சாம்பிள் எடுக்கிற வேலை. ஐஸ் பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஸ்கூல், ஹாஸ்டல், ஆஸ்பத்திரின்னு போய்க் குழாய்த் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சு லேப்ல சேர்க்கணும். பாதி ஊருக்கு என் பேர் தெரியாது, பாட்டிலம்மான்னாதான் தெரியும். "குழாயைத் திறந்தா தண்ணி வருது, இதுக்கு ஒரு சம்பளமா"ன்னு கேக்குறவங்களும் இருக்காங்க. அவங்க வாயில மண்ணு! மூடியோட உள்பக்கம் என் விரல் பட்டாலே அந்த பாட்டில் குப்பைக்குத்தான். முதல்ல குழாய் வாயைத் துடைக்கணும். பஞ்சை ஸ்பிரிட்ல நனைச்சு, இடுக்கியில பிடிச்சு, கொளுத்தி, குழாய் வாயைச் சுடணும். அப்புறம் ரெண்டு நிமிஷம் தண்ணியை ஓடவிடணும். அதுக்கப்புறம்தான் பாட்டில். என் கை எடுத்த சாம்பிள் ஒண்ணுகூட வீணாப் போனதில்ல. அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான், ஒத்துக்கறேன்.

பெரிய ரோட்டுக்குப் பின்னாடி ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கு. வேலைக்குப் போறவங்க காலையில பிள்ளைங்களை விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டுப் போவாங்க. நாப்பது குழந்தைங்க. ரெண்டு மாசத்துல மூணு தடவை அங்க வயித்துப்போக்கு. முதல் தடவை ஆறு, அப்புறம் ஒன்பது, இந்தத் தடவை பதினொண்ணு. ரெண்டு குழந்தைங்க ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்திக்கிட்டுக் கிடந்துச்சுங்க. மூணு தடவையும் நான்தான் சாம்பிள் எடுத்தேன். முதல் ரெண்டு தடவையும் தண்ணி சுத்தம்னு ரிப்போர்ட் வந்துச்சு.

மூணாவது தடவை போனது செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிட்டுத்தான் போனேன். பூட்டின கதவு முன்னாடி பெட்டியோட நிக்கக்கூடாதேன்னு எங்க ஆபீஸ்ல அது ஒரு பழக்கம். சமையலறைக் குழாய் பளபளன்னு மின்னுச்சு. பக்கத்துல சமையக்காரம்மா. பதினாலு வருஷமா அங்கேயே சமைக்கிறவங்க. ஒல்லியான உடம்பு, பேச்சும் அளந்துதான் வரும். வேலை முடிஞ்ச கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே இருப்பாங்க.

நான் பஞ்சைக் கொளுத்திக் குழாயைச் சுட்டேன். குப்புன்னு ஒரு வாசனை.

"என்னக்கா, ஏதாவது கருகுதா?"

"இன்னும் அடுப்பே பத்த வைக்கலையேம்மா."

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. போன ரெண்டு தடவையும் இதே வாசனை வந்துச்சு. என் பஞ்சுதான் போலன்னு விட்டுட்டேன். ஆனா ஒரு நாளைக்கு எட்டுக் குழாய் சுடறேன், வேற எங்கயும் இப்படி வரலையே!

புதன்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட் வந்துச்சு. தண்ணி சுத்தம். சாப்பாட்டு சாம்பிளும் சுத்தம். எங்க அதிகாரி, நாங்க பெரிய டாக்டர்னு சொல்றவர், என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான். ஆனா ஒரு முடிவு எடுத்துட்டா அதோடயே குடித்தனம் நடத்துவார்.

"தண்ணி இல்ல, சாப்பாடு இல்ல. மிச்சம் என்ன? சமைக்கிற கை. வெள்ளிக்கிழமை நேர்ல போய் லெட்டர் குடுத்துடறேன். அந்தம்மா இனிமே உணவு தொடற வேலைக்குத் தகுதி இல்லைன்னு."

"சார், அவங்க கையையும் டெஸ்ட் பண்ணோமே. சுத்தம்னுதானே வந்துச்சு?"

"அது நாம வர்றோம்னு தெரிஞ்சு நல்லாக் கழுவியிருப்பாங்கம்மா. இதுகூடத் தெரியாதா?"

வெளிய வந்தேன். பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது அந்த வார்த்தையே மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாம வர்றோம்னு தெரிஞ்சு கையைக் கழுவுவாங்கன்னா, குழாயை என்ன பண்ணுவாங்க?

வீட்டுக்கு வந்ததும் வராததுமா சமையலறையில இடுக்கியும் பஞ்சுமா உக்காந்துட்டேன். ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்சை எரிச்சேன். அந்த வாசனை இல்ல. ரப்பர் வாஷரைக் காட்டினேன். இருமல்தான் வந்துச்சு. பழைய துண்டோட ஓரத்துல ஒரு நூலைப் பிச்சுக் காட்டினேன். வந்துச்சு பாருங்க!

"இதான்! இதேதான்!"ன்னு கத்தினேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"வீட்டைக் கொளுத்தறதுன்னா ஒரு வார்த்தை சொல்லு, என் சட்டைங்களை எடுத்து வெச்சுக்கறேன்."

"குழாய் வாயில நூலுங்க! துணி கட்டியிருந்த நூலு!"

"அதுக்கு என் துண்டுதான் கெடைச்சுதா?"ன்னார். இந்த மனுஷனுக்குத் துண்டுதான் கவலை.

வியாழக்கிழமை காலையில போன் பண்ணாம போனேன். பத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா சொல்லாம கொள்ளாம போய் நிக்கறேன். பின்பக்கக் கதவு திறந்திருந்துச்சு. குழாயடியில அஞ்சாறு வாண்டுங்க டம்ளரோட வரிசையில நின்னுச்சுங்க. குழாய் வாயில நாலா மடிச்சுக் கட்டின ஒரு துணி. ஒரு காலத்துல வெள்ளையா இருந்திருக்கும். தண்ணி அதுக்குள்ள ஊறித்தான் டம்ளர்ல இறங்குச்சு. ஒரு பொடிசு குடிச்சு முடிச்சுட்டு அந்தத் துணியை இழுத்து மூக்கைத் துடைச்சுக்கிட்டுப் போச்சு.

சமையக்காரம்மா என்னைப் பாத்ததும் பதறிட்டாங்க. "சொல்லாம வந்துட்டீங்களேம்மா! இருங்க, கழட்டித் தேய்ச்சு விட்டுடறேன். நீங்க வர்றப்பல்லாம் கழட்டி வெச்சிடுவேன், இன்னைக்குப் பாத்து..."

"கை வைக்காதீங்க!"

அவங்க அப்படியே நின்னுட்டாங்க. நான் துடைக்கல, சுடல, ஓடவிடல. குழந்தைங்க எப்படிப் பிடிச்சுதுங்களோ அப்படியே பாட்டிலை நீட்டிப் பிடிச்சேன். அப்புறம் துணியை அவுத்து ஒரு பையில போட்டுக்கிட்டேன். நாளைக்கு வரைக்கும் கொதிக்க வெச்ச தண்ணிதான் குடுக்கணும்னு சொன்னேன்.

"துணியில என்னம்மா தப்பு? வடிகட்டித்தானே குடுக்கறேன்?"

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்துவீங்க?"

"கிழிஞ்சா மாத்துவேன். மத்தபடி அப்பப்ப அந்தக் குழாயிலயே அலசிடுவேன்."

எனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. "அலசுவீங்களா? நாப்பது குழந்தைங்க கை படற துணியை! துணியை எப்படி வெச்சுக்கணும்னு சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கோமே, அது என்ன அலங்காரத்துக்கா? ஒரு நாளாவது படிச்சீங்களா?"

"தினமும் படிக்கறேனேம்மா"ன்னு மெதுவா சொன்னாங்க. நான் காதுல வாங்கவே இல்ல. பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

லேப் அண்ணன் என் சீட்டைப் படிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டினார். "சுடலைன்னு எழுதியிருக்கே. நீயா எழுதினே? இதை நான் வாங்க முடியாதும்மா. விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு."

"அண்ணே, விதிமுறைப்படி எடுத்தா குழாய்க்குள்ள வர்ற தண்ணி எப்படின்னு தெரியும். குழந்தைங்க குடிக்கிறது அந்தத் தண்ணி இல்லண்ணே. நானே சுட்டுச் சுட்டு எல்லாத்தையும் அழிச்சிட்டு, சுத்தம் சுத்தம்னு மூணு தடவை எழுத வெச்சிருக்கேன்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கிட்டார். அப்புறம் பாட்டிலை வாங்கிக்கிட்டார். வெள்ளிக்கிழமை காலையில போன் வந்துச்சு. "பாட்டிலம்மா, சாக்கடையிலயா பிடிச்சே? இவ்வளவு கிருமியை ஒரே பாட்டில்ல பாத்து ரொம்ப நாளாச்சு."

எனக்குக் கால் தரையில படல. பதினோரு மணிக்குக் காப்பகத்துல போய் ரிப்போர்ட்டைப் பெரிய டாக்டர் கையில குடுத்தேன். காப்பக மேடமும் இருந்தாங்க. சமையக்காரம்மா ஓரமா நின்னாங்க. அவங்களைக் காப்பாத்திட்டேன்னு நெனைச்சு நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன். எங்க டாக்டர் படிச்சு முடிச்சுட்டுத் தலையை ஆட்டினார்.

"நல்ல வேலைம்மா. கை இல்லைன்னா துணி. ரெண்டும் இவங்களோடதுதானே? லெட்டர்ல ஒரு வரிதான் மாத்தணும்." பேனாவை எடுத்துட்டார்.

என் சிரிப்பு அப்படியே வத்திப் போச்சு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைம்பாங்களே, அது இதுதான். சந்தேகமா இருந்ததை நானே ஓடி ஓடி நிரூபிச்சுக் குடுத்திருக்கேன்!

சமையக்காரம்மா அழல. கையை மட்டும் முந்தானைக்குள்ள சுருட்டி வெச்சுக்கிட்டாங்க. "வேற வேலை தேடிக்குவேன் சார். ஆனா என் கை அழுக்குன்னு எழுதி அனுப்பினீங்கன்னா, இந்தக் கையை நான் எங்க கொண்டு போய் வெப்பேன்?"

"நோட்டீஸ் குடுத்திருக்கோம்ல? அதுல இருக்கிற மாதிரி செஞ்சிருந்தா இது வந்திருக்குமா?"

"அதுல இருக்கிற மாதிரிதான் சார் செஞ்சேன்."

சுவத்தைத் திரும்பிக்கூடப் பாக்காம ஒப்பிச்சாங்க. "ஒண்ணு, குழாயைத் தொடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவவும். ரெண்டு, துரு வராமல் இருக்க, குழாய் வாயில் வெள்ளைத் துணியை நாலாக மடித்துக் கட்டவும். மூணு, முதலில் வரும் கலங்கல் தண்ணீரை விட்டுவிடவும். நாலு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கவும்."

நிறுத்திட்டாங்க. நான் அஞ்சாவதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். ஏன்னா அஞ்சாவது இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி பழைய குழாய்ல துரு வந்தப்ப போட்ட நோட்டீஸ் அது. அந்த அஞ்சாவது வரியைச் சேக்கச் சொல்லி மீட்டிங்ல சண்டை போட்டதே நான்தான்.

"அஞ்சாவது என்னக்கா?"

"நாலுதானேம்மா இருக்கு."

இருக்காதேன்னு சுவத்துக்கிட்ட போனேன். குழாய்க்கு மேல, ஸ்விட்ச் போர்டுக்கும் பாத்திரப் பலகைக்கும் நடுவுல கொஞ்சம்தான் இடம். அதுக்குள்ள நோட்டீஸ் கச்சிதமா உக்காந்திருந்துச்சு. நாலு வரிதான் தெரிஞ்சுது. கீழ்ப்பக்கம் தடவினேன். தடிமனா இருந்துச்சு. யாரோ அடியில ஒரு சாண் காகிதத்தைப் பின்னாடி மடிச்சு டேப் போட்டிருக்காங்க.

யாரோ என்ன யாரோ. டேப்போட நுனியைத் திருப்பி மடிச்சிருந்துச்சு. அப்புறம் உரிக்கச் சுலபமா இருக்கட்டும்னு, எங்க ஆபீஸ்லயே அப்படி ஒட்டறவ நான் ஒருத்திதான். எல்லாரும் கேலி பண்ணுவாங்க. இடம் பத்தலைன்னு மடிச்சு ஒட்டிட்டு, நாலு பேர்கிட்ட "நோட்டீஸ் ஒட்டியாச்சு"ன்னு பீத்திக்கிட்டுப் போயிருக்கேன். ஒட்டினது ஞாபகம் இருக்கு. மடிச்சது ஞாபகமே இல்ல.

கை அப்படியே நின்னுச்சு. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் யோசிச்சேன். என் முதுகுதான் அவங்களுக்குத் தெரியுது. கையை எடுத்துட்டா யாருக்கும் எதுவும் தெரியாது. பத்தொன்பது வருஷப் பேரும் அப்படியே இருக்கும். அந்த நேரத்துல பின்னாடி, பேனா மூடியைக் கழட்டற சத்தம் கேட்டுச்சு.

டேப்பை உரிச்சேன். சுலபமா வந்துச்சு. மேல இருந்த காகிதமெல்லாம் ஆவி பட்டுப் பழுப்பா இருக்க, மடிப்புக்குள்ள இருந்தது மட்டும் புதுசு மாதிரி வெள்ளை.

"சார், லெட்டரை எழுதாதீங்க. இதை மடிச்சு ஒட்டினது நான். இவங்க நாங்க காட்டினதை ஒரு வரி விடாம செஞ்சிருக்காங்க. காட்டாததை எப்படிச் செய்வாங்க?"

டாக்டர் எழுந்து வந்து பாத்தார். "இதை நீங்க எழுத்துல குடுக்கணும்மா. உங்க மேல நடவடிக்கை வரும்."

"வரட்டும் சார். பேனாவைக் குடுங்க."

அவர் பேனாவையும் குடுத்தார், லெட்டரையும் நாலாக் கிழிச்சார். நான் அந்த சமையல் மேடையிலயே வெச்சு எழுத ஆரம்பிச்சேன். நேத்து நான் கத்தினது திரும்பத் திரும்பக் காதுல விழுந்துச்சு. வெக்கமா இருந்துச்சு.

சமையக்காரம்மா பக்கத்துல வந்து, அந்த அஞ்சாவது வரியை விரல் வெச்சுப் படிச்சாங்க. "துணியைத் தினமும் கொதிநீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைக்கவும். வாரம் ஒரு முறை புதுத் துணி மாற்றவும்." மனப்பாடம் ஆகறதுக்காக இன்னொரு தடவை படிச்சாங்க.

"இது தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பேனேம்மா."

"செஞ்சிருப்பீங்கக்கா."

கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு. அவங்க என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலை. மடிப்பைத் தடவித் தடவி நேராக்கிக்கிட்டே, தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டாங்க.

"இந்த நோட்டீஸை வேற எங்கெல்லாம்மா ஒட்டினீங்க?"

அறுபத்தி ரெண்டு இடம். எழுதறதை நிறுத்திட்டு, ஒவ்வொரு சுவரா கண்ணு முன்னாடி கொண்டு வந்து பாத்தேன்.